கஞ்சியில் ஒட்டிய பத்து வெள்ளி

கோத்தா திங்கிக்கு மேலே, ஆறு வளைந்து போகும் இடத்தில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், கங்காணி காளியப்பனின் வீட்டுக் கூடத்தில் மூன்று படங்கள் மாட்டியிருந்தன. ஒரு பக்கம் முருகன், மறுபக்கம் மாரியம்மன். இரண்டுக்கும் நடுவில், இரண்டையும்விடப் பெரிய சட்டத்துக்குள், ஒரு பத்து வெள்ளி நோட்டு.

முருகனுக்குப் போட்ட மாலை காய்ந்துபோனால் நாலைந்து நாள் அப்படியே தொங்கும். நோட்டுக்குப் போட்ட மாலை காய்ந்து அந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் ஆட்கள் கங்காணி வீட்டுக்கு வருவார்கள். ஒருவர் லீவு கேட்க வருவார், ஒருவர் மச்சானுக்கு வேலை கேட்க வருவார். எதற்கு வந்தாலும் முதலில் நோட்டின் முன்னால் நின்று காளியப்பனின் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். அவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒரு மூங்கில் குச்சியால் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். வலது பக்கம் தாடி வைத்த ராஜா. தாடியின் ஒவ்வொரு மயிரும் தனித்தனிக் கோடு. ஊசிமுனையால் செம்பில் கீறினதாம். சுற்றிலும் பச்சை நிறத்தில் ஒன்றோடொன்று பின்னிப் போகும் வளைகோடுகள். மனிதன் கையால் இப்படிப் போட முடியாது, அதற்கென்றே சீமையில் ஒரு இயந்திரம் உண்டு. மலாய்க்காரர்களுக்கு ஒரு எழுத்து, சீனர்களுக்கு ஒரு எழுத்து. கீழே பெரிய அதிகாரியின் கையெழுத்து. இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு அவர் குரலைத் தாழ்த்துவார்.

"இதெல்லாம் வெளியில தெரியறது. உள்ள ஒண்ணு இருக்கு. காகிதத்துக்குள்ளேயே ஒரு புலி படுத்திருக்கு. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாத்தான் முழிக்கும்."

கேட்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார்கள். நோட்டு சுவரில் இருந்தது; பின்னால் தடித்த அட்டை; அதற்கும் பின்னால் பலகை. புலி முழிக்க வழியே இல்லை. ஆனாலும் ஒவ்வொருவரும் தலையை ஆட்டிவிட்டுத்தான் போவார்கள். இரண்டொருவர் அதன் மீசையைக் கண்டதாகவும் சொன்னார்கள்.

இந்தச் சமயத்தில் பின்கட்டிலிருந்து காப்பி எடுத்துக்கொண்டு வருகிற அம்மாளைப் பாருங்கள். அவள்தான் அங்கம்மா, காளியப்பனின் மனைவி. நெற்றி நிறையக் குங்குமம், காதில் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பொன் தோடு, முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அந்தப் பெண் எவ்வளவு பெரிய பாறாங்கல்லைச் சுமந்துகொண்டிருந்தாள் என்பது ஊருக்குத் தெரியாது. கட்டிய கணவனுக்கும் தெரியாது. அந்த நோட்டுக்குள் புலி இல்லை. அது கள்ள நோட்டு. இந்த உலகத்தில் அதை அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அங்கம்மா. மற்றவர் கோத்தா திங்கியில் மளிகைக்கடை வைத்திருந்த சீன முதலாளி, ஊர் வழக்கில் தவுக்கே.

நோட்டு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ரப்பர் விலை சரிந்து தோட்டம் தோட்டமாக ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றிய காலம் அது. தோட்டத்து வெள்ளைக்காரப் பெரிய துரையும் சீமைக்குத் திரும்பும்படி ஆயிற்று. அவர் புறப்படுவதற்கு முந்தின வாரம் ஆற்றில் வெள்ளம். துரையின் நாய் வெள்ளத்தில் விழுந்துவிட்டது. காளியப்பன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். துரை நெகிழ்ந்துபோனார். இருபது வருடமாகக் காளியப்பன் அவருக்காக விடியுமுன் எழுந்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெரட்டு எடுத்திருக்கிறார். அவருக்காக லயத்து ஆட்களின் சாபங்களை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அதற்கெல்லாம் நெகிழாத துரை நாய்க்காக நெகிழ்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து வெள்ளி நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் கதை வளரும் பிள்ளை அல்லவா? முதல் வருடம் அது நாய்க் கதையாகவே இருந்தது. அடுத்த தீபாவளிக்குள் வெள்ளத்தில் விழுந்தது துரையம்மாவாகிவிட்டது. அதற்கடுத்த பொங்கலுக்குத் துரையே விழுந்துவிட்டார், கழுத்தளவு தண்ணீரில், முதலைக்குப் பத்தடி தூரத்தில். நாய் எந்தக் கட்டத்தில் கரையேறிப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

துரை கப்பலேறிய மாதத்தில்தான் மகள் புஷ்பவள்ளி பெரியவளானாள். சடங்குக்கு ஒரு நல்ல சீலை எடுக்க வேண்டும். காளியப்பன் நோட்டைப் பட்டுத் துணியில் மடித்துத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அதை மாற்றவும் மாட்டார், யாரிடமும் காட்டாமலும் இருக்க மாட்டார். அங்கம்மா யோசித்தாள். நோட்டைச் சில்லறையாக மாற்றிச் சீலை எடுத்தால் என்ன கெட்டுவிடும்? பிறகு எப்படியாவது இன்னொரு பத்து வெள்ளி சேர்த்துப் பெட்டியில் வைத்துவிட்டால் போகிறது. அவர் பெரட்டுக்குப் போயிருந்த நேரத்தில் நோட்டை முந்தானையில் முடிந்துகொண்டு படகேறிவிட்டாள்.

தவுக்கே நோட்டை வாங்கி விரலால் தேய்த்தார். தேய்த்தவர் அங்கம்மாவைப் பார்த்தார். பிறகு கடை வாசலுக்குப் போய் வெயிலில் தூக்கிப் பிடித்தார். கல்லாவிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்து அதையும் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். அதில், பச்சைக் கோடுகளுக்குப் பின்னால், பாலில் மிதக்கும் ஆடைபோல ஒரு புலித்தலை மெல்ல எழுந்து வந்தது. காளியப்பனின் நோட்டில் ஒன்றும் இல்லை; வெறும் காகிதம்தான். இன்னும் உற்றுப் பார்த்தால், தவுக்கேயின் ராஜா நேராகப் பார்த்தார். காளியப்பனின் ராஜாவுக்குக் கொஞ்சம் மாறுகண். தாடி தனித்தனி மயிராக இல்லாமல் தார் பூசியதுபோல் ஈஷியிருந்தது.

"தா லாக்கு," என்றார் தவுக்கே. செல்லாது என்று அர்த்தம். வேறு யாராவதாக இருந்தால் மாத்தா மாத்தாவை, அதாவது போலீஸைக் கூப்பிட்டிருப்பார். அங்கம்மா பத்து வருடமாக உப்பும் கருவாடும் வாங்கும் கை. நோட்டை மடித்து அவள் கையிலேயே திருப்பி வைத்து, மலாயும் தமிழுமாகச் சொன்னார். "இது கடையில குடுக்காதே, அம்மா. சுவர்ல ஒட்டிக்கோ. அழகா இருக்கும்."

திரும்பும் படகில் அங்கம்மா அழுதாள். சீலைக்காக அழவில்லை. தன்னுடைய கல்யாணச் சீலையைப் பிரித்துத் தைத்துச் சடங்கை நடத்திவிடலாம். இருபது வருடம்! பனியிலும் மழையிலும் 'தொரை தொரை' என்று ஓடிய அந்த மனிதருக்குக் கடைசியில் கிடைத்தது இதுவா? துரை தெரிந்து கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா? கிளப்பில் சீட்டாட்டத்தில் யாரோ அவர் தலையில் கட்டியதை அவர் காளியப்பனின் தலையில் கட்டினாரா? தெரியாமல்தான் கொடுத்திருப்பார் என்று நம்பவே அங்கம்மா ஆசைப்பட்டாள். துரைக்காக அல்ல. தெரிந்தே கொடுத்தார் என்று நினைத்தால் தன் புருஷனை நாயைவிடக் கீழே வைக்க வேண்டியிருந்தது. இது அவருக்குத் தெரிந்தால் அவர் பேசமாட்டார், கோபிக்கவும் மாட்டார். உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்த மனிதர் பிறகு எழுந்திருக்கமாட்டார். அவளுக்கு அவரை நன்றாகத் தெரியும்.

அன்று மாலை தவுக்கே சொன்னதையே செய்தாள். நோட்டைப் பார்க்க வருபவர்கள் கைபட்டு அழுக்காகிறது, சட்டம் போட்டு மாட்டிவிடலாம் என்றாள். காளியப்பனுக்குப் புல்லரித்துப் போயிற்று. மூவாரில் தச்சர்கள் செய்யும் தேக்குச் சட்டம் ஒன்றை வரவழைத்தார். ஒட்டுகிற வேலையை அங்கம்மா தானே எடுத்துக்கொண்டாள். கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, தடித்த அட்டை முழுக்கப் பூசி, எந்த இடத்திலும் காற்றுப் புகாதபடி உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஒட்டினாள். இனி அதை வெளிச்சத்தில் பிடிக்கிறவன் அட்டையையும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும். பிறகு, புதுப் பொருளுக்குப் பொட்டு வைக்கும் வழக்கப்படி, ராஜாவின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். மாறுகண்ணை மறைக்கப் புருவத்தின் குறுக்கே திருநீறு. எண்களின் மை கலைந்திருந்த இடத்தில் சந்தனம். வெள்ளிக்கிழமைதோறும் கண்ணாடியைக் கழற்றி இவற்றைப் புதுப்பித்தாள். சீமை அச்சுக்கூடத்தார் கள்ள நோட்டைத் தடுக்க என்னென்னவோ வித்தைகளைக் கண்டுபிடித்தார்கள். கள்ள நோட்டைக் காப்பாற்றக் கஞ்சியும் குங்குமமும் போதும் என்று கண்டுபிடித்தவள் அங்கம்மா.

தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்தவர் மரியநாதன். அவர் ஒருமுறை நோட்டைப் பார்த்துவிட்டு, ராஜா கிறிஸ்து வேதக்காரராயிற்றே, அவருக்குத் திருநீறு பூசியிருக்கிறீர்களே என்று கேட்டார். நம்ம வீட்டுக்கு வந்தா நம்ம வழக்கந்தான் என்று காளியப்பன் பதில் சொன்னார்.

இப்படி இரண்டு வருடம் ஓடிற்று. பிறகு மூவாரிலிருந்து செல்லப்பன் வந்தார்.

செல்லப்பனுக்கு மூவாரில் படகுத்துறைக்குப் பக்கத்தில் துணிக்கடை. அவர் மகனுக்குப் புஷ்பவள்ளியைக் கேட்கலாம் என்று பேச்சை எடுத்தவர் மரியநாதன் கிராணிதான். பையன் நல்லவன், கடையைப் பார்த்துக்கொள்கிறான், குடிப்பதில்லை. தைப்பூசத்தில் அவனைத் தூரத்தில் பார்த்ததிலிருந்து புஷ்பவள்ளி சாமான் கழுவும்போது பாடத் தொடங்கியிருந்தாள். தாய்க்கு அது போதும். செல்லப்பன் ஜொகூர் பாரு வழியாகப் பஸ்ஸும் படகுமாகப் பெண் பார்க்க வந்து சேர்ந்தார். பெண்ணைப் பார்த்தார்; திருப்தி. பலகாரத்தைப் பார்த்தார், அதிலும் திருப்தி. அப்புறம் நடுச்சுவரைப் பார்த்தார்.

செல்லப்பனுக்கு ஒரு பெருமை உண்டு. மூவார் முழுவதிலும் நோட்டுப் பார்ப்பதில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்பார். முன்பு ஒரு கள்ள நோட்டை ஏமாந்து வாங்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அவர் நிபுணர். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடி ஒன்றை எப்போதும் மடியில் வைத்திருப்பார். நல்ல நோட்டுச் சலசலக்க வேண்டும்; ராஜாவின் கண் எந்தப் பக்கம் போனாலும் நம்மைப் பார்க்க வேண்டும்; கோடுகள் எங்கேயும் அறுபடக் கூடாது. இதையெல்லாம் அவர் சாப்பாட்டுக்கு நடுவிலேயே எடுத்துச் சொன்னார். காளியப்பன் தமக்குச் சமமான ஒருவரைக் கண்டுகொண்ட மகிழ்ச்சியில் துரை முதலைக்குப் பக்கத்தில் விழுந்த கதையைச் சொன்னார்.

பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு செல்லப்பன் நோட்டின் முன்னால் வெகுநேரம் நின்றார். அங்கம்மா காப்பித் தட்டோடு கதவில் சாய்ந்துகொண்டாள்.

"பொட்டும் திருநீறுமா இருக்கு, ஒண்ணும் பிடிபடல," என்றார் அவர். "கழட்டி வெளிச்சத்துல பிடிங்க கங்காணியாரே. புலியப் பார்த்துட்டா தீந்துச்சு."

இன்று வெள்ளிக்கிழமை, பூஜை செய்த பொருளை இறக்கக் கூடாது என்று அங்கம்மா குறுக்கே விழுந்தாள். அது வியாழக்கிழமை. நல்ல வேளையாக ஆண்களுக்குக் கிழமை நினைவில்லை. செல்லப்பன் சிரித்தார். சிரித்துக்கொண்டே, தான் கேட்டது நோட்டுக்காக இல்லை என்றும், நோட்டு பொய்யானால் துரை கதையும் பொய், கதை பொய்யானால் மனிதரின் வார்த்தையும் பொய், பெண் எடுக்கிற இடத்தில் வார்த்தைதானே முக்கியம் என்றும் நயமாகச் சொன்னார்.

காளியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வர்ற ஞாயித்துக்கிழமை நிச்சயத்துக்கு வாங்க. ஊரைக் கூட்டி வச்சு, நானே என் கையால இறக்கிக் காட்டறேன். புலி இல்லேன்னா பொண்ணு கேக்க வேணாம்."

வாசகர்களே, அந்த நிமிடத்தில் அங்கம்மாவின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாமான் கழுவிக்கொண்டே பாடும் மகள். மறுபக்கம், இல்லாத புலியின் மேல் தன் மானத்தையெல்லாம் அடகு வைத்துவிட்ட கணவன். நடுவில், காப்பித் தட்டு. தட்டு மட்டும் கீழே விழவில்லை. அதற்குள் இருந்த காப்பி முழுவதும் சிந்திவிட்டது.

மறுநாள் அவள் படகேறினாள். கோத்தா திங்கியில் அடகுக்கடைக் கம்பிக்கு முன்னால் நின்று காதிலிருந்து தோடுகளைக் கழற்றினாள். தாய் கழுத்தைக் கட்டிக்கொண்டு மாட்டிவிட்ட தோடு. கழற்றும்போது காது சுட்டது. அடகுக்கடைக்காரர் தோட்டைக் கல்லில் உரசி, தராசில் போட்டு, சில்லறை நோட்டுகளாகப் பத்து வெள்ளியும் மேலே கொஞ்சமும் கொடுத்தார். அவற்றை எடுத்துக்கொண்டு அவள் தவுக்கேயிடம் போய், ஒரே நோட்டாக, நல்ல நோட்டாக வேண்டும் என்றாள்.

தவுக்கே அவளை மறக்கவில்லை. "அந்தப் பழசு சுவர்ல நல்லா இருக்கா, அம்மா?" என்று கேட்டார். இருக்கிறது என்றாள். அவர் கல்லாவைத் துழாவி மடிப்பே விழாத ஒரு நோட்டை எடுத்து வெயிலில் பிடித்துக் காட்டினார். புலி எழுந்து வந்தது. அங்கம்மாவுக்கு மாரியம்மன் திருவிழாவில் தேரைப் பார்த்ததுபோல் இருந்தது. அறியாமல் கைகூப்பிவிட்டாள்.

சனிக்கிழமை விடிகாலை காளியப்பன் பெரட்டுக்குப் போனதும் சட்டத்தை இறக்கினாள். அட்டையை வெந்நீரில் போட்டாள். கள்ள நோட்டு தண்ணீரைக் கண்டதும் ஆப்பமாவுபோலக் கரைந்தது. ராஜா தாடியோடும் மாறுகண்ணோடும் கூழாகி அவள் விரல்களில் ஒட்டிக்கொண்டார். அதை வழித்து அடுப்பில் போட்டாள். பிறகு புது நோட்டை எடுத்தாள். மொடமொடவென்று இருந்த நல்ல நோட்டை, யாரும் செய்யக்கூடாத விதமாக, அவளே நனைத்து அட்டையில் ஒட்ட வேண்டியிருந்தது. ராஜாவின் நெற்றியில் குங்குமத்தை வைத்துவிட்டு, மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். திருநீறு பூசினாள். எண்ணின் மேல் சந்தனம் அப்பினாள். காளியப்பன் அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்வார்; ஆனால் அது சந்தனத்துக்குள் போய் இரண்டு வருடமாயிற்று.

மாலையில் காளியப்பன் நோட்டின் முன்னால் வந்து நின்றார். நெற்றியைச் சுருக்கினார்.

"என்னடி, ராஜா இன்னைக்கு நேரா பாக்கிறாரு?"

"கண்ணாடிய நல்லாத் தொடச்சேன்," என்றாள் அங்கம்மா.

காது ஓட்டைகளில் வேப்பங்குச்சி இருந்தது. நிச்சயத்துக்காகத் தோடு ஆசாரியிடம் மெருகுக்குப் போயிருக்கிறது என்று அவள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தாள். காளியப்பன் கேட்கவே இல்லை. துரையின் நோட்டில் ஒவ்வொரு கோட்டையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மனிதருக்கு, பொண்டாட்டியின் காது வெறுமையாக இருந்தது தெரியவில்லை. புஷ்பவள்ளி மட்டும் பார்த்தாள். பார்த்தவள் அன்று பாடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கங்காணி வீட்டு வாசலில் லயமே திரண்டுவிட்டது. பாய் விரித்து, வெற்றிலைத் தட்டு வைத்து, செல்லப்பனும் உறவினர்களும் உட்கார்ந்தார்கள். மரியநாதன் கிராணி ஆபீஸ் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். காளியப்பன் சட்டத்தை இறக்கி, நெற்றியில் ஒற்றிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றினார். அட்டையோடு நோட்டை வெந்நீர்த் தாம்பாளத்தில் இறக்கும்போது நாலைந்து பெண்கள் குலவையிட்டார்கள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

அங்கம்மாவுக்குத் தண்ணீரில் பயமில்லை. நல்ல காகிதம் நன்றாகவே ஊறியது, கரையவில்லை. ஓரத்தை நகத்தால் கிளப்பி, மெதுவாக, மெதுவாக உரித்து எடுத்தார் காளியப்பன். எண்கள் சந்தனக் கறைக்குள்ளேயே இருந்தன. குங்குமம் இறங்கி ராஜாவின் தாடி செக்கச்செவேலென்று ஆகியிருந்தது. ஆனால் முழுசாக இருந்தார். நோட்டை ஒரு வாழையிலையில் விரித்து நீரை ஒற்றியெடுத்த காளியப்பன், அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய், வெயிலுக்கு எதிரே தூக்கினார்.

புலி இருந்தது.

கூட்டத்தில் 'ஆ' என்று ஒரு பெருமூச்சு. காளியப்பனின் கண்களிலிருந்து நீர் வழிந்து கன்னத்தில் ஓடிற்று. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனையோ பேருக்கு அந்தப் புலியைப் பற்றிச் சொன்ன மனிதர், அதை இப்போதுதான் பார்க்கிறார்.

செல்லப்பன் அவசரப்படவில்லை. நோட்டை வாங்கினார். ஆட்டிப் பார்த்தார், சத்தம் வரவில்லை. விரலில் சுற்றிப் பார்த்தார், சுற்றிக்கொண்டது. பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கி ராஜாவைப் பார்த்தார், வெயிலில் பிடித்துப் புலியைப் பார்த்தார், வெகுநேரம் யோசித்தார். ஒரு நிபுணர் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து எல்லாருக்கும் தெரிந்ததையே சொல்லிவிட்டுப் போவதா?

"கங்காணியாரே, மனசுல வச்சுக்காதீங்க," என்றார் கடைசியில். "இது நோட்டு இல்ல. துணி. நல்ல நோட்டு இப்படித் தொங்காது. ராஜா தாடியில சாயம் ஏறாது. புலின்னு சொல்றீங்க, பூனையும் இப்படித்தான் இருக்கும்."

காளியப்பன் செல்லப்பனைப் பார்த்தார், கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். கோபிக்கவில்லை. பேசவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு வருடமாக எதற்குப் பயந்து கஞ்சி காய்ச்சினாளோ, குங்குமம் பூசினாளோ, தாய் போட்ட தோட்டைக் கழற்றினாளோ, அது இதோ நடந்துவிட்டது. கள்ள நோட்டு இருந்தவரைக்கும் ஊரே அதைக் கும்பிட்டது. நல்ல நோட்டை வாங்கி வைத்ததும் அது கள்ள நோட்டாகிவிட்டது! அங்கம்மாவுக்கு அழுகை வரவில்லை. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு நேரே செல்லப்பனின் முன்னால் வந்து வைத்தாள். ஆவி இன்னும் பறந்துகொண்டிருந்தது.

"அண்ணே, உங்க மடியில பத்து வெள்ளி நோட்டு ஒண்ணு இருக்கும். எடுங்க. இதே வெந்நீர்ல போடுவோம், இதே குங்குமத்த வைப்போம். ரெண்டையும் ஒண்ணா வெயில்ல பிடிச்சுப் பாப்போம், எது நோட்டு, எது துணின்னு."

செல்லப்பனின் கை தன்னையறியாமல் மடிக்குப் போய் அங்கேயே இறுகிக்கொண்டது. எதற்கு அம்மா, நல்ல நோட்டை ஏன் பாழாக்க வேண்டும் என்று முணுமுணுத்தார்.

"நல்ல நோட்டுன்னா பாழாகாதே," என்றாள் அங்கம்மா. "நீங்கதான் சொன்னீங்க."

"ஒரு நிமிஷ வேலைதான் முதலாளி," என்று மரியநாதன் கிராணி பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். "வேணும்னா நனைஞ்சதக் காய வைக்க நான் ஆபீஸ் இஸ்திரிப் பெட்டிய எடுத்துட்டு வரேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். செல்லப்பன் ஒரு கையால் மடியைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் பூதக்கண்ணாடியை மறுபடி கண்ணில் இடுக்கினார். நோட்டை மறுபடி தூக்கிப் பிடித்தார். இந்த முறை அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. அப்போது ஒரு மேகம் மறைத்திருந்தது என்றார். இப்போது வெளிச்சம் நன்றாக விழுகிறது என்றார். புலிதான், சந்தேகமே இல்லை, மீசை முதற்கொண்டு தெரிகிறது என்றார். வானத்தில் காலையிலிருந்து ஒரு துண்டு மேகம்கூட இல்லை. நிச்சயத் தட்டு மாறிற்று. சாப்பாடு பிரமாதம் என்று செல்லப்பன் நாலு தடவை சொன்னார்.

விருந்தினர் போன பிறகும் காளியப்பன் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். நோட்டு வெயிலில் காய்ந்து, ஓரம் சுருண்டு, சிவந்த தாடியோடு அவர் மடியில் கிடந்தது. அங்கம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர் அவளைப் பார்க்காமல் பேசினார். துரை கொடுத்த அன்றைக்கே நோட்டை ஒரு விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாராம். புலி தெரியவில்லையாம். விளக்கு மங்கல், நம் கண்ணும் மங்கல் என்று சொல்லிக்கொண்டு மடித்து வைத்துவிட்டாராம். அதற்கப்புறம் வெளிச்சத்தில் பிடிக்கத் துணிச்சல் வரவில்லையாம்.

"நீ அட்டையில ஒட்டினப்ப எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? இனிமே யாரும் பாக்க முடியாதுல்ல," என்றார். பிறகு ஒரு சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். "தொரை என்னை ஏமாத்தல, அங்கம்மா."

உலகத்தில் இதைவிடப் பெரிய பொய் ஒன்றைச் சொல்ல அவளுக்கு வாய்ப்புக் கிடைத்திருக்காது. இதைவிடச் சந்தோஷமாக யாரும் பொய் சொல்லியிருக்கவும் முடியாது.

"தொரை ஏமாத்துவாராங்க?" என்றாள்.

இனி மறுபடி கஞ்சி காய்ச்ச வேண்டும், மறுபடி ஒட்ட வேண்டும் என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, காளியப்பன் நோட்டை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

"இந்தா. வச்சுக்க."

"சட்டத்துக்கு?"

"சட்டம் எதுக்கு? பாத்தாச்சே. சந்தேகம் இருந்தவரைக்கும் சாமியா கும்பிட்டேன். இப்ப அது காசு. கல்யாணச் செலவு இருக்கு, புஷ்பத்துக்கு ஒரு நல்ல சீலை எடு."

அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். கைகள் அவசரப்பட்டன, எங்கே மனம் மாறிவிடுவாரோ என்று பயந்தாள். அவர் மனம் மாறவில்லை. மறுநாளே வேறு ஒரு காரியத்தில் இறங்கிவிட்டார்: தான் நோட்டை உரித்து எடுத்த கதையைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். முதல் நாள் அதில் செல்லப்பன் கொஞ்சம் சந்தேகப்பட்டார். ஒரு வாரத்துக்குள் செல்லப்பன் காலில் விழுந்துவிட்டார்.

அந்த வாரமே அங்கம்மா படகேறிப் போய் அடகுக்கடைக் கம்பிக்குள் நோட்டை நீட்டினாள். அடகுக்கடைக்காரர் சிவந்த தாடியைப் பார்த்து முகம் சுளித்தார். விரலால் தேய்த்தார். வாசல் பக்கம் திரும்பி வெயிலில் பிடித்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மேலே வாங்கியிருந்த கொஞ்சத்தையும் வட்டியையும் சில்லறையாக எடுத்துக் கம்பிக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தோடு திரும்பி வந்தது. கடை வாசலிலேயே நின்று இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, வேப்பங்குச்சிகளைச் சாக்கடையில் போட்டுவிட்டுப் படகுக்கு நடந்தாள்.

அன்று மாலை காளியப்பன் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவள் வெறுங்கையோடு வந்ததைப் பார்த்து, சீலை எங்கே என்று கேட்டார்.

"துணிக்கடைக்காரர் வீட்டுக்குப் போற பொண்ணுக்கு நாம எதுக்குங்க சீலை எடுக்கணும்?" என்று சொல்லிவிட்டு அங்கம்மா உள்ளே போனாள்.

காளியப்பன் யோசித்துப் பார்த்தார். அது சரியாகத்தான் பட்டது.